மேசையில் உள்ள எவர் மனத்தையும்

மாஸ்டருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கருத்துதான் இருந்தது: துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது. இதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். காகிதத்தோடு அந்தக் கத்தரியை நெருங்குகிற கை யாருடையதாக இருந்தாலும் தட்டிவிடுவார். மற்றபடி அரசியல், வெயில், சொந்தக்காரர்கள், உப்பு கூடவா குறைச்சலா என்று எதைப் பற்றிக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "உங்களுக்குப் பிடிச்சா சரி."

இந்த மனிதருடைய மனதில் இருப்பதை வெளியே எடுக்க ஒரு குடும்பமும், ஒரு தபால் இலாகாவும், இருபது முகமுள்ள ஒரு பகடையும், தலைவலி பிடித்த மொட்டைத் தலையரை அட்டையில் போட்ட ஒரு விதிப்புத்தகமும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைப் பதிவு செய்யாமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது.

முதலில் மாஸ்டர் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்; பின்னால் குழப்பம் வரும். திரைச்சீலை தைக்கிற பட்டறையில் துணியை அளந்து வெட்டுகிறவர் கட்டிங் மாஸ்டர். அந்த வகையில் அவர் மாஸ்டர். அதே பட்டறையில், அதே வெட்டு மேசையைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விளையாட்டு நடக்கும். நாலு பேர் உட்கார்ந்து, நீ மந்திரவாதி, நான் வாள்வீரன் என்று வைத்துக்கொண்டு, பகடை உருட்டி ஒரு கதைக்குள் போய்வருகிற விளையாட்டு. அதில் கதையை நடத்தி, அரக்கர்களுக்குக் குரல் கொடுத்து, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவருக்கும் மாஸ்டர் என்றே பெயர். அந்த வகையிலும் அவர் மாஸ்டர். ஆக, வாரம் முழுக்க மாஸ்டர், விடுப்பே கிடையாது.

விளையாட்டுப் பெட்டியை அவர் தேடிப் போகவில்லை. ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர், "இதை நீங்க வச்சுக்கறீங்களா?" என்று நீட்டினார். "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பொம்மைகள் தொலைந்துபோன பெட்டி அது. அதனால் வீரர்களுக்குப் பொத்தான், பூதங்களுக்கு நூல்கண்டு, சில்லறை எதிரிகளுக்குக் குண்டூசி. குகையின் வரைபடத்தைத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மேசைமேலேயே வரைவார். அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதில் சந்தேகம் வந்தால், கழுத்தில் தொங்குகிற அளவு நாடாவை இழுத்துப் பார்ப்பார். முதலாளி பட்டறைச் சாவியை அவரிடமே கொடுத்துவைத்திருந்தார். வெட்டிய துணியில் ஒரு விரற்கடை தவறாதவர் தன் சொத்தில் என்ன தவறிவிடப் போகிறார் என்ற நம்பிக்கை.

கருத்தில்லாமலே பிறந்தவரல்ல மாஸ்டர். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பல் டாக்டர், தன் க்ளினிக்குக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று கேட்டார். "பச்சை போடுங்க சார், கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார் மாஸ்டர். போட்டார்கள். காலை வெயில் அந்தத் திரை வழியாக உள்ளே வந்ததும், காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் முகமும் பாசி பிடித்த மாதிரி இருந்தது. பல்வலிக்கு வந்தவர்கள், நமக்கு வந்திருப்பது பல்வலி இல்லை போலிருக்கிறது என்று பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் திரையைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசைமேல் தொப்பென்று போட்டார். அன்றோடு மாஸ்டர் கருத்துத் துறையிலிருந்து ஓய்வு பெற்றார்.

வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. கடல் ராட்சசனாக இருக்கும்போது கப்பல்களின் வடிவமைப்பைப் பற்றிக் காறித் துப்புவார். குள்ளர்களின் அரசனாக ஒரு மந்திரி சபையையே ஒரே மூச்சில் கலைத்தார். ஆட்டம் முடிந்து, "காபியா, டீயா?" என்று கேட்டால், "ஏதோ ஒண்ணு."

"அந்த ராட்சசனுக்கு இருக்கிற வாயில கால்வாசி உங்களுக்கு இருந்தா நான் பொழைச்சுக்குவேன்" என்பார் அக்கா.

அக்கா என்பது மாஸ்டரின் மனைவி. அவருடைய தம்பி, லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், அவரை அக்கா என்று கூப்பிட்டதால் மேசையில் எல்லாருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். வயதில் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். அக்கா தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருந்தார். கையில் வாங்கிய மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவார். தராசு பிறகு வந்து ஆமாம் போடும். அவர் ஆட்டத்தில் சேர்ந்ததில்லை. மேசையின் கோடியில் செய்தித்தாளை விரித்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போது வெளியிலிருந்து ஆதரவு தருவார்.

அவர்களுடைய கல்யாணமும் ஒரு பார்சல் விஷயம்தான். இளைஞராக இருந்த மாஸ்டர் வாராவாரம் ஒரு பார்சலோடு அவருடைய கவுண்டரில் வந்து நிற்பார். நிற்பார், அவ்வளவுதான், பேச்சு கிடையாது. பல மாதம் பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் முத்திரை குத்தியபடியே கேட்டார்: "கல்யாணம் பண்ணிக்கலாமா?" இவர், "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்றார். அக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் இத்தனை வருஷமாகச் செருப்புக்குள் சின்னக் கல் மாதிரி கிடந்தது. நடக்க முடியாமல் இல்லை. ஆனால் இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் புத்தகம் வந்தது.

வாங்கிவந்தவர் மச்சான், அதாவது லிஃப்ட் பார்க்கும் அந்தத் தம்பி. நாம் விளையாடும் ஆட்டத்துக்கு வந்திருக்கும் கூடுதல் விதிப்புத்தகம் என்று மேசையில் வைத்தார். பெயர் 'நெற்றிக்குள் ஒரு படை'. மந்திரத்தையும் வாளையும் விட்டுவிட்டு, வெறும் மனோசக்தியால் எதிரியை வீழ்த்துவது எப்படி என்பதற்கான விதிகள். அட்டையில் ஒரு மொட்டைத் தலையர் இரண்டு விரல்களை நெற்றிப்பொட்டில் அழுத்திக்கொண்டு நின்றார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"இவருக்கு ஒத்தைத் தலைவலி" என்றார் சிஸ்டர். அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். ஆட்டத்திலும் காயத்துக்கு மருந்து போடுகிறவர்தான். "இருட்டு ரூம்ல படுக்கவச்சு, பேசாம விட்டுடணும். இவரைப் போய்ச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போறீங்களே."

நூலை நடுநிலையோடு மதிப்பிடுவது நம் கடமை. தாள் நல்ல தாள். அட்டவணைகள் ஏராளம். மொழிபெயர்ப்பில்தான் வினை. மனதை ஆள்கிற வீரனுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்த மொழிபெயர்ப்பாளர், உளத்தை ஆள்பவன் உளவாளி என்று முடிவுகட்டியிருந்தார். சந்தி விதியையும் பார்க்கவில்லை, ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு ஆள் இருப்பதையும் பார்க்கவில்லை. விளைவு, மச்சான் தொடர்ந்து சில வாரங்கள் ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, அரண்மனைச் சுவர்களில் காதை ஒட்டி, ரகசியம் சேகரித்தார். மனோசக்தி என்று ஒன்று தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பூதம் ஒன்று அவரைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் வக்கீல் புத்தகத்தை வாங்கி முன்னுரையைப் படித்தார்.

வக்கீல் உண்மையில் வக்கீல் இல்லை. மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவர். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற, உலகத்தின் ஒரே மனிதர். விதி என்றால் விதி, கமா என்றால் கமா.

"யோவ், உளவாளின்னா ஒற்றன் இல்லய்யா. மனசை ஆளுறவன்" என்றார் வக்கீல்.

"அப்ப மீசை?"

"மீசை உன் சொந்தச் செலவு."

மனோசக்தியைப் பயன்படுத்த மனப்புள்ளிகளைச் செலவிட வேண்டும் என்றது நூல். மனப்புள்ளி என்று முழுதாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? இரண்டே வாரத்தில் அது வெறும் மனசு ஆனது. "நான் ரெண்டு மனசு வைக்கிறேன், கதவு திறக்கட்டும்" என்பார் மச்சான். கதவு திறக்காவிட்டால், "இன்னும் ஒரு மனசு வைடா" என்பார் சிஸ்டர். மனசு வைத்தால் நடக்கும் என்று இத்தனை காலமாக அலுவலக வாசல்களில் கெஞ்சிக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு, எத்தனை மனசு வைத்தால் எது நடக்கும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்ததுதான் இந்த நூலின் பெருங்கொடை.

வக்கீல் மட்டும் கடுமையாக எதிர்த்தார்.

"மந்திரவாதின்னா வாயைத் திறந்து மந்திரம் சொல்லணும். கையை ஆட்டணும். ஆந்தை இறகு, பாம்புச் சட்டைன்னு நாலு சாமான் சேர்க்கணும். எதிராளிக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இவன் என்ன பண்றான்? கையும் அசையாது, வாயும் அசையாது. சும்மா உட்கார்ந்திருக்கான். உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"நான் அப்படி ஒருத்தரோடதான் குடும்பம் நடத்தறேன்" என்றார் அக்கா, செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல்.

"அக்கா, நான் விதியைப் பத்திப் பேசறேன்."

"நானும் என் விதியைத்தான் பேசறேன்."

வக்கீலின் குற்றப்பத்திரிகையில் உச்சமாக ஒரு வரி இருந்தது. மனத்தைப் படித்தல் என்ற சக்தியின் கீழே நூல் சொன்னது இது: 'ஐந்து மனப்புள்ளிகளைச் செலவிட்டால், மேசையில் உள்ள எவர் மனத்தையும் படிக்கலாம். படிக்கப்பட்டவர் தன் மனத்தில் உள்ளதை ஒரே வாக்கியத்தில், மழுப்பாமல் சொல்ல வேண்டும்.' களத்தில் உள்ள எவர் மனத்தையும் என்றுதான் இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நேரம் பசித்திருக்கலாம். சாப்பாட்டு மேசை ஞாபகத்தில் கை தவறியிருக்கலாம்.

"இது அப்பட்டமான பிழை மாஸ்டர்" என்றார் வக்கீல். "மேசையில உள்ளவங்கன்னா நாமதான். பேனா எடுத்து அடிச்சிடலாமா?"

"இருக்கட்டுமே, வேடிக்கையா இருக்கு" என்றார் மச்சான்.

இருவரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாஸ்டர் சாக்கட்டித் தூளை ஊதிவிட்டு, "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்றார்.

ஒருவருக்குப் பிடித்திருந்தது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை. எனவே அந்த வரி அப்படியே தங்கிவிட்டது. தன் தலையில் விழப்போகும் விதியைத் தானே காப்பாற்றி வைத்தவர்கள் வரலாற்றில் உண்டு. ஆனால் இவ்வளவு மரியாதையாகக் காப்பாற்றியவர் இவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது.

"என்னங்க, என்னைப் போஸ்ட்மாஸ்டர் ஆக்கிட்டாங்க."

"அட! நல்லது" என்றார் மாஸ்டர். உண்மையாகவே முகம் மலர்ந்தது. வீட்டில் இன்னொரு மாஸ்டர்.

"ஆனா வேற ஊர்ல. ரயில்ல அரை நாள். தபாலாபீசுக்கு மேலயே வீடு தர்றாங்களாம். வர்றேனா இல்லையான்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"ஓகோ."

"என்ன ஓகோ? போகட்டுமா, வேண்டாமா?"

"உனக்குப் பிடிச்சா சரி."

"எனக்குப் பிடிச்சது எனக்குத் தெரியும். உங்க மனசுல என்ன இருக்கு?"

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். அதில் பதில் இல்லை. "என் மனசுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல" என்றார்.

"மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே?" என்பது நம் மொழியில் கேள்வியே அல்ல. அது ஒரு குற்றச்சாட்டு. அதற்குப் பதில் சொன்னவர் கிடையாது. பதில் எதிர்பார்த்துக் கேட்டவரும் கிடையாது. அக்கா ஒருவர்தான் அந்த வாரம் அதை உண்மையான கேள்வியாகக் கேட்டார். அன்பாகக் கேட்டார். முறைத்துக் கேட்டார். ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தார். மாஸ்டர் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் தம்பியைத் தூதுவிட்டார்.

மச்சான் பட்டறைக்குப் போனார். "மாமா, அக்கா போகலாமா வேண்டாமா?"

"அவளுக்குப் பிடிச்சா சரி, மாப்ளே."

"அது சரி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் இங்கதானே இருக்கேன்" என்று மாஸ்டர் துணியை மடித்தார்.

தூதுவர் இதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார். லிஃப்டை எந்தத் தளத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார். பேச்சை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நான் இங்கதானே இருக்கேன். அப்படியென்றால் நீ போ, நான் வரமாட்டேன் என்று அர்த்தமா? போகாதே என்று அர்த்தமா? இல்லை, கவுண்டரில் நின்ற மாதிரியே சும்மா நிற்கிறேன் என்று அர்த்தமா?

மறுநாள் அவர் வேலைக்குப் போகும் பேருந்தில் 'நெற்றிக்குள் ஒரு படை'யைப் பிரித்தார். தபால் இலாகா விதித் தொகுப்பையே படித்து முன்னேறியவருக்கு இது எந்த மூலைக்கு? இரண்டு பயணத்தில் முடித்துவிட்டு, "எங்க விதிப்புத்தகத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்று தம்பியிடம் சொன்னார். அந்த நூலுக்குக் கிடைத்த ஒரே நல்ல மதிப்புரை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா குறுக்கெழுத்தை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார்.

"நானும் ஆடறேன்."

மாஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பொத்தான் டப்பாவை அவரே திறந்து நீட்டினார். அக்கா நாலு கண் வைத்த காக்கிப் பொத்தான் ஒன்றை எடுத்தார்.

"உன் வீரனுக்கு என்ன பேரு?" என்றார் மாஸ்டர்.

"போஸ்ட்மாஸ்டர். உளவாளி. மீசை கிடையாது."

மச்சான் இருமினார்.

கதை அன்று ஒரு மலைக் கணவாயில் நின்றது. கணவாயை மறித்துக்கொண்டு ஒரு கல் பூதம். அதாவது பழுப்பு நிற நூல்கண்டு. மாஸ்டர் தொண்டையைக் கனைத்துப் பூதமானார். "அற்ப மானிடர்களே! என் மனத்தில் உள்ளதை அறியாமல் இந்தக் கணவாயை எவரும் கடந்ததில்லை!"

"சரியான இடம்" என்றார் அக்கா. "என்கிட்ட அஞ்சு மனசு இருக்கு. அஞ்சையும் வைக்கிறேன். மனசைப் படிக்கிறேன்."

"பூதத்தோட மனசையா?"

"மாஸ்டரோட மனசை."

மாஸ்டர் சாக்கட்டியை வைத்தார். "கதையில மாஸ்டர்னு யாரும் இல்லையேம்மா."

"கதையில இல்ல. மேசையில இருக்காரு. வக்கீல் சார், படிங்க."

வக்கீலின் முகத்தில் அப்போது நிகழ்ந்ததைச் சிஸ்டர் பிறகு, நெஞ்சுவலிக்கும் சிரிப்புக்கும் நடுவில் உள்ள ஒன்று என்று விவரித்தார். அந்த நூலை அவர் வெறுத்தார். அந்த வரியை அதைவிட வெறுத்தார். ஆனால் அச்சில் இருப்பது அச்சில் இருக்கிறது. வாசித்தார்: "மேசையில் உள்ள எவர் மனத்தையும்…"

மாஸ்டர் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப நான் மேசையில இல்ல."

"வயிறு மேசையில முட்டுது மாமா" என்றார் மச்சான்.

வக்கீல் குனிந்து பார்த்து உறுதி செய்தார். "முட்டுது. ஆனா மாஸ்டர், உங்களுக்குத் தடுப்பு உருட்டல் உண்டு. பகடையில பதினைஞ்சுக்கு மேல விழுந்தா உங்க மனசைப் படிக்க முடியாது."

மாஸ்டர் இருபது முகப் பகடையை எடுத்தார். வழக்கமாக அதைச் சுண்டி எறிவார். அன்று மெதுவாக உருட்டினார். பகடை, சாக்கட்டியால் வரைந்த ஆற்றைத் தாண்டி, அளவு நாடாவில் இடித்து, அக்காவின் காக்கிப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

இருபது.

அந்த மேசையில் இருபது விழுந்தால் கூச்சல் போடுவது வழக்கம். அன்று மச்சான்கூட வாயைத் திறக்கவில்லை.

அக்கா பகடையைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "சரி. விதின்னா விதிதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் டீ போடறேன். நாளைக்கு, வரலைன்னு ஆபீஸ்ல சொல்லிடறேன். இவருக்கும் எதுவும் வேணாம், எனக்கும் எதுவும் வேணாம். இங்கயே இருந்துடுவோம்."

அவர் ஸ்டவ் இருக்கும் மூலைக்குப் போனார். மாஸ்டர் பகடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எதிலும் ஜெயித்ததில்லை. கை நீட்டி வக்கீலிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். பக்கங்களைப் புரட்டினார். வெட்டுவதற்கு முன்னால் துணியை எப்படித் தடவிப் பார்ப்பாரோ அப்படி ஒரு பக்கத்தைத் தடவினார்.

"வக்கீல் சார், ஜெயிச்சவன் தோத்துக்கலாமா?"

"என்னது?"

"உருட்டி ஜெயிச்சுட்டேன். இருந்தாலும் தோக்கணும்னு தோணுது. அதுக்கு விதி இருக்கா?"

வக்கீல் புத்தகத்தைப் பிடுங்கினார். அட்டவணைக்கு அடியில், மாத்திரைக் காகிதம் தோற்கும் பொடி எழுத்தில் அது இருந்தது. "இருக்கு மாஸ்டர்! இலக்கானவர் விரும்பினால், உருட்டியது எதுவாயினும், தன் தடுப்பை விலக்கிக்கொள்ளலாம்!" வக்கீல் இவ்வளவு சந்தோஷமாக ஒரு விதியை வாசித்து யாரும் கேட்டதில்லை.

"அப்ப விலக்கிக்கிறேன்."

மூலையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஒரே வாக்கியம்" என்று நினைவூட்டினார் வக்கீல். "மழுப்பக் கூடாது."

மாஸ்டர் சாக்கட்டியை எடுத்தார், வைத்தார். கழுத்து நாடாவைச் சுருட்டினார், அவிழ்த்தார். பூதத்தின் குரலில் சொல்லிவிடலாமா என்று ஒருகணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு சொந்தக் குரலிலேயே கேட்டார்:

"அந்த வீட்டுல ஜன்னல் எத்தனை?"

"மாமா, இது கேள்வி" என்றார் மச்சான். "நீங்க பதில் சொல்லணும்."

"சும்மா இருடா" என்றார் அக்கா. அவர் கையில் டீ வடிகட்டி சொட்டிக்கொண்டிருந்தது. "ஏழு. ஏழு ஜன்னல்."

"எல்லாம் ஒரே அளவா?"

"ரெண்டு பெருசு. தெருவைப் பார்த்தது."

"தெருவைப் பார்த்ததுன்னா உள்துணி வச்சுத் தைக்கணும்" என்று மாஸ்டர் மேசையிலேயே சாக்கட்டியால் ஒரு செவ்வகம் போட்டார். அது கல் பூதத்தின் மேல் விழுந்தது, யாரும் கவலைப்படவில்லை. "அளவு தெரிஞ்சா இங்கயே வெட்டிக் கொண்டுபோயிடலாம். அங்க போய் மேசை தேட வேணாம் பாரு."

"அப்ப வர்றீங்களா?"

"துணி எந்த ஊர்ல வெட்டினாலும் துணிதானே."

"இதை ஒரு வாரமா சொல்றதுக்கு என்னங்க?" அக்காவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "நான் இங்கதானே இருக்கேன்னு சொல்லி அனுப்பினீங்களே?"

"அவன் கேட்டப்ப இங்கதானே இருந்தேன்?" என்று மாஸ்டர் குழம்பினார். பிறகு, ஒரு வாக்கிய எல்லையை மீறி, ஆயுளிலேயே நீளமான சொந்தப் பேச்சைப் பேசினார்: "நான் வர்றேன்னு சொன்னா, பாவம் எனக்காக வேலையை விட்டுட்டு வர்றாரேன்னு நீ போகமாட்டே. போகாதேன்னு சொன்னாலும் போகமாட்டே. நீ போம்மான்னு சொன்னா, என்னைத் துரத்தறாருன்னு கோவிச்சுக்கிட்டுப் போகமாட்டே. எதைச் சொன்னாலும் நீ போஸ்ட்மாஸ்டர் ஆகமாட்டே. அதான் எதையும் சொல்லல."

தர்க்கம் என்று பார்த்தால் ஓட்டை இல்லை. வக்கீலே தலையாட்டினார்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அக்கா. "அன்னிக்குக் கவுண்டர்ல, கல்யாணத்தைப் பத்திக் கேட்டப்ப…"

"அக்கா, ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான்" என்றார் வக்கீல், வருத்தத்தோடு. "உங்ககிட்ட மனசு தீர்ந்துபோச்சு."

"என்கிட்ட மூணு இருக்கு" என்று மச்சான் தன் காகிதத்தை நீட்டினார். "நான் அக்காவுக்காக மூணு மனசு வைக்கிறேன்."

"நான் ரெண்டு" என்றார் சிஸ்டர். அவருடைய வீராங்கனைக்கு மனோசக்தியே கிடையாது. அவரிடம் மனப்புள்ளி எப்படி வந்தது என்று வக்கீல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் வரலாற்றில் அவர் விதியை மீறிய ஒரே தருணம் அது.

"அப்ப உங்க மனசுல என்ன இருந்தது?" என்றார் அக்கா.

மாஸ்டர் காது மடல் சிவக்க மேசையைப் பார்த்தார். "அந்தப் பார்சல்ல எல்லாம் வெறும் வெட்டுத் துண்டு."

"என்னது?"

"வெட்டினதுல மிச்சம் விழுற துண்டு. அனுப்ப எதுவும் இல்ல. அதைக் கட்டி அண்ணனுக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன். அவன் இன்னைக்கும் திட்டறான்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லேசா இருக்கேன்னு நினைச்சேன். வலைத் துணியா இருக்கும்னு விட்டுட்டேன்." பார்சல் பிரிவின் தராசுகள் ஆமாம் போட்ட கை அது. வாழ்க்கையில் ஒரே ஒரு பார்சலின் எடையைத்தான் அந்தக் கை தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது, அதுவும் வாராவாரம். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்தது டீ வடிகட்டி வைத்திருந்த கையால், கன்னமெல்லாம் டீத்தூள்.

டீ பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. சிஸ்டர் போய்ப் பார்த்துக்கொண்டார்.

"சரி, திரை என்ன நிறத்துல போடலாம்?" என்றார் அக்கா.

மேசையில் எல்லாருக்கும் பதில் தெரியும். மச்சான் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார். ஆனால் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கல் பூதத்துக்கு இருந்த அதே உறுதியோடு சொன்னார்:

"எதுவா வேணா இருக்கட்டும். பச்சை மட்டும் வேணாம்."

அக்கா கன்னத்து டீத்தூளைத் தட்டிவிட்டார். "உங்களுக்குப் பிடிச்சா சரி" என்றார்.

இப்போது அந்த ஊர்த் தபால் நிலையத்தில் மாஸ்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அக்காதான். இவர் மாஸ்டர் வீட்டுக்காரர். மாடியில் ஏழு ஜன்னலுக்கும் கோதுமை நிறத் திரை தொங்குகிறது. கீழே, தபால் பிரிக்கிற மேசை ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கிறதாம். தபால்காரர்கள் இரண்டு பேருக்குப் பொத்தான் கொடுத்தாகிவிட்டது என்று தகவல்.

பழைய பட்டறையில் மச்சான் மாஸ்டராகிவிட்டார். அவருடைய பூதங்கள் எல்லாம் லிஃப்டில் வந்து இறங்குகின்றன. 'நெற்றிக்குள் ஒரு படை' அங்கேயேதான் தங்கியது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று வக்கீல் இப்போதும் அவ்வப்போது மனு கொடுப்பார். மச்சான் தள்ளுபடி செய்துவிடுவார். போன வாரம் மனு கொஞ்சம் அவசரமாக வந்தது. வக்கீலின் மனைவி, அந்தப் புத்தகத்தை ஒரு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.

புத்தகம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. வக்கீல் இப்போது மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டிப் பகடை உருட்டுகிறார்.